தும்மல் குதிரையின் சொந்தக்காரர்

தாமரைச்செல்வியின் குரலைக் கேட்காமல் மதுரையில் தீபாவளிக்குத் துணி எடுத்தவர்கள் குறைவு. முகம்தான் யாருக்கும் தெரியாது. நகரத்தின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில், மாடிப்படிக்குப் பக்கத்தில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு தண்ணீர் பாட்டில். பதின்மூன்று வருடமாக அங்கே உட்கார்ந்து, இரண்டாவது மாடியில் போர்வைக்குத் தள்ளுபடி என்றும், வாசலை மறித்து நிற்கும் வேனை எடுக்கவும் என்றும், வழிதவறிய குழந்தை கீழ்த்தளத்தில் இருக்கிறது என்றும் அறிவித்துக்கொண்டிருக்கிறார்.

குழந்தை விஷயத்தில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "மஞ்சள் சட்டை போட்ட ஆண் குழந்தை" என்றுதான் சொல்வாராம். உடனே பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், தங்கள் பிள்ளை பக்கத்தில் நிற்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள், மறுபடி சேலையைப் புரட்டப் போய்விடுவார்கள். சூர்யபிரகாஷ் என்று பெயரைச் சொன்னால் எங்கிருந்தோ ஒருத்தி செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடி வருவாள். அழுகிற குழந்தையிடமிருந்து பெயரை வாங்குவது லேசான வேலை இல்லை. பத்து நிமிடம் ஆனாலும் பெயரை வாங்கிய பிறகுதான் தாமரைச்செல்வி மைக்கைப் போடுவார்.

அப்படிப்பட்டவரை, ஒரு பெயரைச் சொன்னார் என்பதற்காக இன்றைக்கு வாடிப்பட்டிப் பக்கம் மூன்று ஊர்களில் மைக்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அது நடந்தது குதிரைப் பந்தயத்தில்.

இந்தப் பக்கத்தில் குதிரைப் பந்தயம் என்றால் புல்தரையும் தொப்பி வைத்த கனவான்களும் கிடையாது. தார்ச்சாலைதான் களம். இரண்டு சக்கர வண்டியில் ஒற்றைக் குதிரையைப் பூட்டி, ஒரு சாரதி ஏறிக்கொள்வார். நான்கு மைல் போய் அங்கே நிற்பவரிடம் கொடியை வாங்கிக்கொண்டு நான்கு மைல் திரும்பி வர வேண்டும். ஊர்த் திருவிழாவையொட்டிக் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து, இட்லி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

தாமரைச்செல்வியின் கணவர் அசோக்குமார் கோச்சடையில் மைக்செட் வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டு முன்னறையில் நாற்காலிகளைவிடக் கூம்பு ஒலிபெருக்கிகள் அதிகம். நான்கு வருடங்களுக்கு முன்னால், கரைமேட்டுப்பட்டிப் பந்தயத்துக்கு அசோக்குமார் மைக்செட் போட்டிருந்தார். வழக்கமாக அறிவிப்புச் செய்கிற ஆளுக்கு அன்று காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த தாமரைச்செல்வியின் கையில், பந்தயக் கமிட்டித் தலைவர் உக்கிரபாண்டி ஒரு தாளைத் திணித்தார். "கடையில கத்துறதுதானம்மா, இங்கயும் கத்து" என்றார்.

தாளில் இருந்ததெல்லாம் பெயர்கள். இந்தப் பந்தயத்தில் குதிரைக்குப் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர், சொந்தக்காரர் பெயர், கடைசியில் ஒரு 'அவர்கள்'. அந்த 'அவர்கள்' எவ்வளவு நீளமாக இழுக்கப்படுகிறதோ அவ்வளவு மரியாதை. தாமரைச்செல்வி ஒவ்வொன்றாகப் படித்தார். ஏழாவது வரியில் 'பேயாண்டி' என்று எழுதி, பக்கத்தில் வேறு மையில் 'கருப்பு' என்று இருந்தது. "கரைமேட்டுப்பட்டி பேயாண்டி அவர்களின் கருப்புக் குதிரை" என்று கணீரென்று அறிவித்தார். வண்டி வந்து நின்றது. குதிரை நல்ல செவலை, செம்மண் நிறம். கூட்டம் சிரித்தது, உக்கிரபாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தாமரைச்செல்வியும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் நான்கு வருடம் அவர் வீட்டில் அது ஒரு வேடிக்கைக் கதையாகவே இருந்தது. தேநீரில் சர்க்கரை குறைந்தால் அசோக்குமார், "இது பேயாண்டியோட கருப்புக் குதிரை மாதிரி இருக்கு" என்பார்.

அவருடைய குரல் பிடித்துப்போய், அடுத்த வருடமும் உக்கிரபாண்டி கூப்பிட்டார். கூடவே ஒரு கவலையையும் சொன்னார். ஜல்லிக்கட்டுக்குப் போகிற கூட்டத்தில் கால்வாசிகூடக் குதிரைக்கு வரவில்லை. பந்தயம் கட்டுகிறவர்களும் பழைய ஆட்கள்தான், அவர்களும் வயதாகி வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். புது ஆள் வந்தால்தான் நன்கொடை வரும், நன்கொடை வந்தால்தான் பந்தயம் நடக்கும். டவுன் ஆட்களைக் கொண்டுவர வழி சொல்லு என்றார்.

தாமரைச்செல்விக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. திருநகரிலிருந்து ஒருவர் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து ரோட்டோரம் நிற்கிறார் என்று வையுங்கள். மைக்கில் இருபது நிமிடம் யார் யாருடைய பெயரோ ஓடுகிறது. அவருக்கு அதில் என்ன இருக்கிறது? அந்தப் பெயர்களுக்குக் கைதட்டுகிறவர்களும் குதிரையைப் பார்த்துத் தட்டவில்லை. இன்னார் நம்ம ஆள், இன்னார் அவங்க ஆள் என்று பார்த்துத்தான் தட்டினார்கள். ரோட்டின் இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் ஒரு சாதி. நடுவில் பாவம், குதிரை ஓடியது.

அவர் ஒரு வேலை செய்தார். வார விடுமுறைகளில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கொட்டகையாகப் போனார். பதினொரு குதிரைகளையும் பக்கத்தில் நின்று பார்த்தார். எதற்கு என்ன பழக்கம், எது தண்ணீர் குடிக்க அடம்பிடிக்கும், எது லாரி ஹாரனுக்கு மிரளும் என்று கேட்டு, குதிரைக்கொரு சின்னப் படம் எடுத்துப் பெயர் வைத்து இணையத்தில் வெளியிட்டார். நெற்றி மயிரை வாரிவிட்டால்தான் கிளம்புகிற வெள்ளைக் குதிரைக்கு 'மாப்ள'. கொள்ளு வைக்கிறவரின் சட்டையையும் சேர்த்துக் கடிக்கிற குதிரைக்கு 'அவசரம்'. அந்தச் செவலைப் பெட்டைக்குத் 'தும்மல்'.

செவலைக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. புறப்படும் கோட்டில் வந்து நின்றதும் அது இரண்டு தடவை பலமாகத் தும்மும். பக்கத்து வண்டிக்காரர்கள் அபசகுனம் என்று முகம் சுளித்து, வண்டியை ஒரு முழம் பின்னுக்கு இழுப்பார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம்கூட வைத்திருந்தார், செவலை தும்மினால் பிழிவதற்கு. தாமரைச்செல்வி மைக்கில் சொன்னார்: "அதுக்குத் தூசி ஆகாது. அம்புட்டுதான். உங்களுக்கு ஆகாட்டி நீங்க தும்ம மாட்டீங்களா?" ஒரு குதிரையின் மூக்கில் ஊரின் தலைவிதியை வைத்திருந்தவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் பதில் சொன்னதில்லை.

அந்த வருடத்திலிருந்து மைக்கில் ஆள் பெயர் நின்றது, குதிரைப் பெயர் வந்தது. கூட்டமும் வந்தது. திருநகரிலிருந்து மடக்கு நாற்காலியோடு குடும்பங்கள் வந்தன. நர்சிங் படிக்கிற பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். அவர்கள் பணம் கட்டவில்லை, பருத்திப்பால் கட்டினார்கள்: தோற்றவள் வாங்கித் தர வேண்டும். அவர்களுக்குத் தும்மல்தான் உயிர். அது தும்மியதும் எல்லோரும் சேர்ந்து "ஓ" என்று கத்துவது ஒரு சடங்காகிவிட்டது. கோச்சடை ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் மாப்ளயின் மேல் பரோட்டா கட்டினார்கள். நிஜமாகவே பணம் கட்டுகிறவர்களும் வந்தார்கள். அவர்களைப் பார்த்து உக்கிரபாண்டி மீசையைத் தடவினார், தாமரைச்செல்வி மட்டும் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்: "வாடகைப் பணத்தக் குதிரை மேல வைக்காதீங்க. குதிரைக் கொட்டாய்க்கு வாடகை கிடையாது, உங்க வீட்டுக்கு உண்டு." உக்கிரபாண்டிக்கு அது பிடிக்கவில்லை. கூட்டம் பெருகியதால் பொறுத்துக்கொண்டார்.

தாமரைச்செல்விக்கு இதில் ஒரு பெருமையும் இருந்தது. மறைத்துப் பயனில்லை, அவரே சொல்வார். சாதிப் பெயரை மைக்கிலிருந்து இறக்கிவிட்டோம், அதுவும் யாரும் சண்டைக்கு வராமல் இறக்கிவிட்டோம் என்று நினைத்தார். சண்டைக்கு ஏன் யாரும் வரவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

இந்த வருடப் பந்தயத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஜவுளிக்கடைக் கண்ணாடி அறைக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை. கையில் துணிப்பை எதுவும் இல்லை. செவலையின் சாரதி என்று தாமரைச்செல்விக்குத் தெரியும். படம் எடுக்கப் போனபோது குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

"ஒன்னு கேக்கணும் தாயி. கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"எம் பேரு ஒங்களுக்குத் தெரியுமா?"

"கருப்பண்ணேதான?"

"மைக்குல ஒருக்கா சொல்லிருக்கீங்க."

தாமரைச்செல்விக்கு நினைவில்லை. குதிரைப் பெயரைத்தானே சொல்கிறேன் என்றார்.

"மொத வருசம். பேயாண்டி அய்யா பேருக்குப் பக்கத்துல எம் பேரையும் எழுதச் சொல்லி, பட்டியல் எழுதுறவருகிட்ட ரெண்டு நாளா நடந்தேன். அவரும் மனசெறங்கி எழுதிட்டாரு. நீங்க அத குதிரை நெறம்னு படிச்சுட்டீங்க."

தாமரைச்செல்வி மைக்கைத் தொட்டுப் பார்த்தார், அணைந்திருக்கிறதா என்று. வேறு என்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை.

மீதியைக் கருப்பு நின்றபடியே சொன்னார். சொன்னதில் குற்றச்சாட்டு இல்லை, விவரம்தான் இருந்தது. செவலை பேயாண்டியுடையது இல்லை. பேயாண்டியின் வயலில் கருப்புவின் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்தார்கள், அவ்வளவுதான் தொடர்பு. கருப்பு இப்போது சொந்தமாகச் சரக்கு வேன் ஓட்டுகிறார், கால்வாய் ஓரம் அரை ஏக்கர் வாங்கியிருக்கிறார். செவலையைத் திருமண ஊர்வலங்களுக்கு விடும் ஓர் ஆளிடமிருந்து, கால் வீங்கிய நிலையில் வாங்கி, அவரும் மனைவி பாண்டியம்மாளும் ஒன்றரை வருடம் ஒத்தடம் கொடுத்து ஓட வைத்தார்கள். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போனால் கமிட்டியில் ஒரு விதி: திருவிழா வரி கொடுத்தவர் பெயர்தான் பட்டியலில் ஏறும். கருப்புவின் தெருவில் வரி வாங்குவதில்லை. கொடுத்தாலும் வாங்குவதில்லை. எனவே பேயாண்டி பெயரில் ஓடு என்றார்கள். பேயாண்டி மோசமான ஆள் இல்லை, மறுப்பும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் செவலை மூன்றாவதாக வந்தபோது கிடைத்த பித்தளை அண்டா மட்டும் இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது.

எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பாருங்கள். உன் பெயரைப் போட மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. வரி கொடுத்தவர் பெயரைத்தான் போடுவோம் என்றார்கள். உன்னிடம் வரி வாங்க மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. அது வழக்கம் இல்லை என்றார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு மனிதன் முப்பது வருடம் நிற்கலாம், யாரும் அவனைத் தள்ளவில்லை என்று சாட்சி சொல்லலாம்.

"குதிரைக்குப் பேரு வச்சதெல்லாம் நல்லதுதான் தாயி. எங்க பாண்டியம்மாளே தும்மல் தும்மல்னுதான் கூப்புடுறா. ஆனா எல்லாரு பேரும் மைக்குல ஒரு சுத்து வந்து முடிஞ்சிருச்சு. அவுக அப்பன் பேரு, தாத்தன் பேரு எல்லாம் வந்துருச்சு. எம் முறை வாரப்ப பேரே வேணாம்னு சொல்லிட்டீங்க."

அவர் போன பிறகு, ஒரு குழந்தை வழிதவறி வந்தது. அதன் பெயரைக் கேட்க அன்று தாமரைச்செல்விக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் பில் போடுகிற பெண்தான் கேட்டாள்.

மறுநாளே அவர் உக்கிரபாண்டியைப் பார்க்கப் போனார். கருப்புவிடம் வரி வாங்கிக்கொள்ளுங்கள், பட்டியலில் பெயரை ஏற்றுங்கள் என்றார். உக்கிரபாண்டி கோபப்படவில்லை. தாமரைச்செல்விக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

"நீதானம்மா சொன்ன, குதிரைக்குச் சாதி இல்ல, ஆள் பேரு வேணாம்னு? ஊரே ஒத்துக்கிருச்சு. உன்ன மெச்சாத ஆள் இல்ல. இப்ப நீயே மாத்திப் பேசுற."

அப்போதுதான் சண்டைக்கு ஏன் யாரும் வரவில்லை என்பது தாமரைச்செல்விக்குப் புரிந்தது. அவர் சாதியை இறக்கிவிடவில்லை. கருப்புவின் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு நல்ல பெயர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்.

உக்கிரபாண்டி கடைசியாகச் சொன்னார்: கூட்டம் உன்னால் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மைக் கமிட்டியுடையது. குதிரைப் பெயர் போதும். அதைத் தாண்டினால் இந்த ஊரில் மட்டுமில்லை, சுற்றுப்பட்டில் எங்கேயும் அசோக்குமாரின் மைக்செட் போகாது. தாமரைச்செல்வியும் உக்கிரபாண்டியும் ஒரே சாதி. அதனால்தான் மோர் கிடைத்தது, மிரட்டலும் மெதுவாக வந்தது.

வீட்டில் தாமரைச்செல்வி எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னார். கருப்புக் குதிரைக் கதை வேடிக்கைக் கதை இல்லை என்பதையும் சொன்னார். அசோக்குமார் முன்னறையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் பொதுவாகவே பேசாதவர், வீட்டில் ஒரு குரல் போதும் என்பது அவர் கட்சி. ஒயர் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை அளந்து பார்த்தார்.

பந்தயத்தன்று காலை கரைமேட்டுப்பட்டி ரோட்டில் இரண்டு பக்கமும் ஆட்கள். பதினொரு வண்டிகளும் கோட்டில் வந்து நின்றன. தாமரைச்செல்வி இரவல் மேசை ஒன்றின் மேல் ஏறி நின்று மைக்கைப் பிடித்தார். அவர் கையில் கமிட்டி கொடுத்த தாள் இல்லை. அவரே எழுதிய தாள் இருந்தது.

"முதல் வண்டி, அவசரம். சொந்தக்காரர், அலங்காநல்லூர் ரோடு அழகுபாண்டி அவர்கள்" என்றார்.

கூட்டத்தில் பழைய ஆட்கள் சிலர் கைதட்டினார்கள். மேசைக்குப் பக்கத்தில் உக்கிரபாண்டி ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டாள், நல்லதுதான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இரண்டாவது, மூன்றாவது என்று ஆறு பெயர்கள் போயின. ஒவ்வொரு 'அவர்களும்' சரியான நீளத்தில் இருந்தது. உக்கிரபாண்டி சிரித்துக்கொண்டே இருந்தார்.

"ஏழாவது வண்டி, தும்மல். சொந்தக்காரர், கரைமேட்டுப்பட்டி..."

அந்த நேரம் பார்த்துச் செவலை தும்மியது. நர்சிங் பெண்கள் "ஓ" என்று கத்தினார்கள். தாமரைச்செல்வி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

"...கருப்பு அவர்கள். கருப்புங்கிறது குதிரையோட நெறம் இல்ல. மனுசரோட பேரு. நாலு வருசத்துக்கு முன்னாடி இதே எடத்துல நான் தப்பாப் படிச்சேன். எல்லாரும் சிரிச்சோம். அந்தத் தப்ப இன்னிக்குத் திருத்துறேன். கரைமேட்டுப்பட்டி கருப்பு அவர்கள்."

உக்கிரபாண்டி நேராக அசோக்குமாரிடம் போனார். ஆம்ப்ளிஃபயரை அணைக்கச் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக மைக்செட் வைத்திருக்கும் அசோக்குமார் அந்தப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த சுவிட்சுன்னு தெரியலண்ணே" என்றார்.

அதற்குள் மாப்ளயின் சொந்தக்காரர் தன் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தார். அந்தப் பெயரோடு என் பெயரும் ஒரே மூச்சில் வர வேண்டுமா என்று கேட்டார். வண்டி அரை வட்டம் திரும்புவதற்குள் கோச்சடை ஆட்டோக்காரர்கள் ரோட்டுக்குள் வந்துவிட்டார்கள். மாப்ளயின் மேல் அவர்கள் கட்டியிருந்தது இந்தத் தடவை பரோட்டா மட்டும் இல்லை.

"அண்ணே, ஒங்களுக்குப் பிடிக்கலன்னா நீங்க வீட்டுக்குப் போங்க. குதிரைய நிப்பாட்டிட்டுப் போங்க" என்றார் அவர்களில் ஒருவர்.

ரோட்டோரம் பெரிய சிரிப்பு. வண்டி வரிசைக்குத் திரும்பியது. அன்று சாதியை அறிவு வென்றது என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. முதலில் கைகொடுத்தது பந்தயப் பணம். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், ஆனாலும் அது நடந்தது. இதற்கு மேல் தகராறு செய்தால் கூட்டம் கமிட்டியின் மேல் திரும்பும் என்பது உக்கிரபாண்டிக்குத் தெரிந்தது. கொடியை அசைக்கச் சொன்னார்.

வண்டிகள் போயின. இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திரும்பின. அவசரம் முதலாவது. மாப்ள மூன்றாவது. தும்மல் நான்காவது. பரிசு மூன்று பேருக்குத்தான். நர்சிங் பெண்களில் பாதிப் பேர் மீதிப் பாதிக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுக்கப் போனார்கள்.

பரிசளிப்பு முடிந்ததும் உக்கிரபாண்டி தாமரைச்செல்வியிடம் வந்து, இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார். சத்தம் போடவில்லை. தாமரைச்செல்வியும் சரிங்கண்ணே என்றார். பக்கத்தில் பந்தயம் நடத்தும் மற்ற இரண்டு ஊர்களின் முடிவும் அதேதான், மறுவாரம் தொலைபேசியில் வந்தது.

வெயில் ஏறிவிட்டது. நாற்காலிகளை மடக்கி வேனில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அசோக்குமார் ஒயரைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். கருப்பு வண்டியை அவிழ்த்துவிட்டு, செவலையைக் கையில் பிடித்தபடி மேசைக்குப் பக்கத்தில் வந்தார். முகமெல்லாம் புழுதி.

"நாலாவது" என்றார்.

"பாத்தேன்ணே. கடைசி மைல்ல நல்லா வந்துச்சு."

கருப்பு தலையாட்டினார். போகவில்லை. செவலையின் கழுத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"வழி நெடுக 'கருப்பண்ணே விடாத, கருப்பண்ணே விடாத'ன்னு கத்துனாக. யாருன்னே தெரியல. டவுன் ஆளுக. அப்பத்தான் தெரியும், பேரு சொல்லிட்டீங்கன்னு."

"ஏண்ணே, ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கரைமேட்டுப்பட்டின்னீங்க பாருங்க, அதுவரைக்கும் கேட்டுச்சு. அப்ப இது தும்மிருச்சு. பிள்ளைக கத்திருச்சுக. பொறவு இது மெரண்டு துள்ளவும், பிடிக்கத்தான் நேரம் சரியா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கடைசில 'அவர்கள்' போட்டீங்களா?"

தாமரைச்செல்வி கணவரைப் பார்த்தார். அசோக்குமார் சுற்றிய ஒயரைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார், பெட்டிக்குப் பின்னால் குனிந்தார், எதையோ திரும்பச் செருகினார். இந்தத் தடவை எந்த சுவிட்ச் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ரோட்டில் கூட்டம் இல்லை. பருத்திப்பால் வண்டிக்காரர் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு நாய்கள் இருந்தன. தாமரைச்செல்வி மேசைமேல் ஏறவில்லை, கீழே கருப்புவுக்கு எதிரில் நின்றபடியே மைக்கைப் பிடித்தார்.

"தும்மல். சொந்தக்காரர், கரைமேட்டுப்பட்டி கருப்பு அவர்கள்."

'அவர்கள்' கொஞ்சம் நீண்டுவிட்டது. பருத்திப்பால்காரர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துக் கூம்பில் வந்த பெயர், ஒரு நொடி பிந்தி, வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது. கருப்பு அந்தத் திசையில் திரும்பினார். அங்கே அவர் தெரு இருக்கிறது. திருவிழாவுக்கு எத்தனை கூம்பு கட்டினாலும் ஒயர் ஊர் நுழைவு வளைவோடு நின்றுவிடும், அந்தத் தெருவுக்குப் போனதில்லை.

"எங்க தெருவுலயா கேக்குது?"

"தண்ணித் தொட்டித் தூணுல ஒன்னு கட்டியிருக்கேண்ணே. நேத்துச் சாயங்காலமே வந்து கட்டிட்டேன்" என்றார் அசோக்குமார். மனைவியிடம்கூட அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை.

கருப்புவின் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. பாண்டியம்மாள். ஒலிபெருக்கிக்குப் பழகிய பேச்சு போல, பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

"என்னங்க, மறுபடியும் ஒங்க பேரச் சொல்றாக? எதுவும் ஆயிப்போச்சா?"

"ஒன்னும் ஆகல. எனக்குக் கேக்கலன்னு சொன்னேன், அதான் திரும்பச் சொன்னாக."

"எனக்கு மொதத் தடவையே கேட்டுச்சே" என்றார் பாண்டியம்மாள்.